மனச்சிதைவு நோய்: காவிரிக் கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தாய்மாமனுக்கு மனச்சிதைவு நோய் தொடங்கியபோது அவருக்கு 22 வயது. பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டியை ஒட்டிய எங்கள் ஊரில் அப்போது குறுவை நடவு முடிந்திருந்தது. போர்செட் கொட்டகையில் இரவுக் காவல் இருந்தவர், ஒரு நாள் விடியற்காலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு காதுகளிலும் தலையணையிலிருந்து பிடுங்கிய பஞ்சை அடைத்திருந்தார். மோட்டார் ஓடும்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதாகவும், மோட்டார் நின்றால் பேச்சும் நின்றுவிடுவதாகவும் தாத்தாவிடம் சொன்னார். நாற்று காய்ந்துவிடுமே என்ற கவலைதான் தாத்தாவுக்கு முதலில் வந்தது. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் அது ஒரு நோய் என்று தெரியாது.

அன்றிலிருந்து மனநல மருத்துவரிடம் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கயிறு கட்டினோம், தாயத்து போட்டோம், உடுக்கை அடித்துக் குறி கேட்டோம். அந்த இரண்டு ஆண்டுகளை இன்னொரு குடும்பமும் இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே, வீட்டுக்குள் நடக்க வேண்டியவற்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நோயை அடையாளம் காணுதல்

மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் வைத்தார். பிளவுபட்ட மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அது பிறந்ததால், ஒரே உடலுக்குள் இரண்டு ஆட்கள் மாறி மாறி வருவதுதான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் பிணைப்பு தளர்ந்துபோவதையே அந்தப் பெயர் குறித்தது. அறிவுக் குறைபாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் இது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் மூவாயிரம் பேர் வாழும் ஒரு ஊராட்சியில் பத்துப் பேர் இருக்கக்கூடும். அவர்களை நாம் பார்ப்பதில்லை என்றால், உள்ளறையில் இருக்கிறார்கள் என்று பொருள்.

பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பது வயதுக்குள் நோய் தொடங்குகிறது. ஆண்களுக்குச் சற்று முன்னதாகவும் பெண்களுக்குச் சற்றுப் பின்னதாகவும் வருவது வழக்கம். திடீரென்று வருவதுபோலத் தோன்றினாலும், பின்னோக்கி யோசித்தால் பல மாதங்களுக்கு முன்பே தூக்கம் குறைந்திருக்கும், கூட்டாளிகளோடு சேருவது நின்றிருக்கும், குளிப்பதும் உடை மாற்றுவதும் தவறியிருக்கும், படிப்பிலோ வேலையிலோ காரணம் தெரியாத சரிவு இருந்திருக்கும்.

எல்லாருக்கும் தெரியும் அறிகுறி, ஆள் இல்லாத குரல் கேட்பது. இரண்டு பேர் நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அவர் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டே வரலாம். இதைச் செய், அதைச் செய் என்று கட்டளையிடலாம். குரல் கேட்கும் நேரத்தில் மூளையில் ஒலியை உணரும் பகுதிகள் மெய்யாகவே இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நோயாளிக்கு அது கற்பனை இல்லை. நான் உங்கள் பக்கத்தில் நின்று பேசினால் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்கிறது. அடுத்தது, எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மாறாத பொய் நம்பிக்கை. பங்காளி செய்வினை வைத்துவிட்டான், சோற்றில் விஷம் கலக்கிறார்கள், செல்போன் கோபுரத்தின் வழியாக என் மனதைப் படிக்கிறார்கள், டீக்கடையில் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்றெல்லாம் அது வரும். எந்த ஊரில் பிறந்தவரோ அந்த ஊரின் அச்சங்களையே நோய் எடுத்து உடுத்திக்கொள்கிறது. நோயாளி செய்வினை என்று சொல்கிறார் என்பதற்காக அது செய்வினை ஆகிவிடாது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஊர்த் திருவிழாவில் உடுக்கையும் பம்பையும் அடிக்கும்போது ஒருவர் மீது சாமி வருவது மனச்சிதைவு அன்று. அது குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில், ஊரார் அறிந்த முறையில் வந்து, மலையேறியதும் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறார். நோயில் அந்த எல்லை இருப்பதில்லை. வேலை, தூக்கம், சாப்பாடு, உறவு எல்லாவற்றையும் நாள்தோறும் அது அரித்துக்கொண்டே இருக்கும்.

சோம்பல் என்று நாம் திட்டுவது

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குரலும் சந்தேகமும் மருந்தில் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடுகின்றன. அவை அடங்கியதும், நோய் போய்விட்டது, இனி இவன் எழுந்து வேலைக்குப் போக வேண்டியதுதானே என்று குடும்பம் எதிர்பார்க்கிறது. அவரோ விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். கேட்டால் ஒரு சொல்லில் பதில். பிள்ளை பிறந்த வீட்டிலும் முகத்தில் மலர்ச்சி இல்லை, சாவு வீட்டிலும் கண்ணீர் இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான், கொழுப்பு’ என்ற சொல் எங்கள் வீட்டிலும் விழுந்தது.

அது கொழுப்பு இல்லை, நோயின் மற்றொரு பாதி. ஒரு செயலைத் தொடங்குவதற்கான உந்துதல், மகிழ்ச்சியை எதிர்பார்க்கும் திறன், சொல்லைக் கோத்துப் பேசும் ஓட்டம், முகத்தில் உணர்ச்சி ஏறுவது ஆகியவை மூளையின் வேலைகளே. இந்த நோயில் அவை குன்றுகின்றன. கவனமும் அண்மை நினைவும் திட்டமிடும் ஆற்றலும் கூடவே குறைகின்றன. கடைக்குப் போய்ப் புளி, மிளகாய், சீயக்காய் மூன்றும் வாங்கி வரச் சொன்னால் புளியை மட்டும் வாங்கி வருவார், வேண்டுமென்று செய்வதில்லை. இந்தக் குறைகளுக்குத் தற்போதைய மருந்துகள் அவ்வளவாகக் கை கொடுப்பதில்லை என்பதால், குடும்பத்தின் பொறுமை அதிகம் செலவாக வேண்டிய இடம் இதுதான்.

எங்களுக்குப் பலன் தந்த முறை எளியது. ஒரு வேலையை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ‘வயலைப் பார்த்துக்கொள்’ என்று என் அம்மாச்சி சொன்ன நாளெல்லாம் மாமா அசையவில்லை. ‘வா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வருவோம்’ என்று வாளியின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டபோது எழுந்து வந்தார். பதினைந்து நாள் சேர்ந்து போனார்கள். பதினாறாம் நாள் அம்மாச்சி வேண்டுமென்றே அடுப்படியில் தங்கிவிட்டார். மாமா தனியாக வாளியை எடுத்தார். அன்று யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ‘மாடு வயிறு நெறைய குடிச்சுதா?’ என்று மட்டும் அம்மாச்சி கேட்டார்.

காரணம் எங்கே இருக்கிறது

வளர்ப்பில் இல்லை, தாயின் பேறுகாலத் தீட்டில் இல்லை, முன்வினையில் இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தரும் நாட்டமும், கருவிலும் பிறப்பிலும் நேர்ந்த சிக்கல்களும், பிற்கால நெருக்கடிகளும் கூடி, டோபமின் போன்ற வேதிப்பொருள்களின் சமநிலையை மூளையில் குலைக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு மேல் இல்லை என்பதால், இதைத் தலையெழுத்து என்று கொள்ள வேண்டியதும் இல்லை. இளவயதில் கஞ்சா புகைப்பது நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றப் பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி எச்சரிப்பது நல்லது.

கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்பதைப் போல இரண்டு குடும்பங்களைக் கெடுத்த யோசனை வேறில்லை. திருமணம் மருந்தன்று, புதிய பொறுப்பும் தூக்கமின்மையும் நோயைக் கிளப்பவும் கூடும். நோய் அடங்கி நிலைப்பட்ட பிறகு, மறைக்காமல் சொல்லி, சம்பந்தி வீட்டாரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று பேசிச் செய்யும் திருமணங்கள் நிலைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் அத்தை எல்லாம் தெரிந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மருத்துவரிடம் போகும் வழி

முதலில், வேறு நோய் இல்லை என்று தெரிந்தாக வேண்டும். கடும் காய்ச்சல், தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளை அழற்சி, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனநோய் ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டும். சிலருக்குச் சில வாரங்களில் முழுதும் தீர்ந்துவிடும் குறுகியகால மனநோயும் வருவதுண்டு. எனவே மனச்சிதைவு என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சி அரசு மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் குழு வட்டார மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் வருகிறது. எந்த நாள் என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

போகும் முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, என்ன சொன்னார், யார் மேல் சந்தேகம், குடி, பீடி, கஞ்சா பழக்கம் உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. ஓ.பி.யில் கூட்டம் அதிகம். மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்த ஒரு பக்கம் பெரிய உதவி. தனக்கு நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த உணர்வை இழப்பதும் நோயின் ஒரு பகுதிதான். ஆகவே ‘உனக்குப் பைத்தியம், வா டாக்டரிடம்’ என்று இழுப்பதை விட, ‘ராத்திரி தூக்கமே இல்லையே, அதுக்கு ஒரு மருந்து கேட்டுட்டு வருவோம்’ என்று அவருக்கே தெரியும் தொல்லையைச் சொல்லி அழைத்தால் வர வாய்ப்பு அதிகம். அது பொய்யும் இல்லை.

குணசீலத்துக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குணசீலத்தில் பெருமாள் சன்னதியில் ஒரு மண்டலம் தங்கி எங்கள் அம்மாச்சி பெற்ற மன ஆறுதலை நான் மதிக்கிறேன். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், வேளை தவறாமல் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கட்டிப்போடும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்கிறது. எனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று தெளிவாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைக்கும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்குத் தருகிறது.

மாத்திரையோடு வாழ்தல்

இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், ஹாலோபெரிடால் எனப் பல உண்டு. தூக்கமும் பரபரப்பும் சில நாளில் சீராகும். குரலும் பொய் நம்பிக்கையும் தணிய வாரக்கணக்கில் ஆகும். ‘பத்து நாள் கொடுத்தோம், கேட்கவில்லை’ என்று நிறுத்துவது பரவலான தவறு. அதை விடப் பெரிய தவறு, நன்றாகிவிட்டார் என்று நிறுத்துவது. நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பழைய நிலைக்கு மீள்வது கடினமாகிறது. தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டு. வெவ்வேறு இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் மசியாத நோய்க்குக் குளோசபின் என்ற மருந்து கை கொடுக்கும். அது வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் முதல் சில மாதங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

பக்க விளைவுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால் நாங்கள் பட்ட பாடு ஒன்று. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் இரவு மாமாவின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. பேய் இறங்காமல் அடம் பிடிக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் வேப்பிலையைத் தேடினார். பக்கத்து வீட்டு வேனில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். செவிலியர் மாத்திரை அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு ஓர் ஊசி போட்டார். அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது. அது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. முதல் சில நாளில் வரலாம், உடனே தீரும். கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது ஆகியவையும் வரலாம். மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். ஆனால் மருந்து எடுப்பவருக்குக் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

நம் வயல்காட்டுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை. இந்த மருந்துகளில் பல வியர்வையைக் குறைக்கின்றன; நடுக்கத்துக்குச் சேர்த்துத் தரும் மாத்திரையும் அப்படியே. சித்திரை வெயிலில் உளுந்து பறிக்கப் போனால் உடல் சூட்டைத் தணிக்க வழியின்றி வெப்பத் தாக்கு வரலாம். குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் எளிதில் கருகும். விடியற்காலை வேலை, தலையில் துண்டு, கையில் தண்ணீர்க் குடுவை என்பதை வழக்கமாக்குங்கள். எடையும் சர்க்கரையும் ஏறும் மருந்துகள் உண்டு. மூன்று வேளையும் சோறு உண்ணும் நம் வீடுகளில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். இந்த நோயாளிகள் மற்றவர்களை விடப் பல ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு இதய நோயும் சர்க்கரையும் முக்கியக் காரணங்கள். பீடி, சிகரெட் புகை ஓலன்சபின், குளோசபின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் குறைக்கும். புகையை நிறுத்தும்போதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சோற்றில் மறைத்து மாத்திரை கொடுக்காதீர்கள். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு, ஒரு நாள் அது உண்மை என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு நம் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

பேச்சும் பாதுகாப்பும்

நோயாளியின் பொய் நம்பிக்கையை எதிர்த்து வாதாடாதீர்கள், அதை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ‘யாரும் பேசலை, சும்மா இரு’ என்றால் அவர் தனியாகிறார். ‘ஆமாம், பக்கத்து வீட்டுக்காரன்தான்’ என்றால் நோய் வலுக்கிறது. நான் பழகிக்கொண்டது இப்படி: ‘எனக்கு அந்தச் சத்தம் கேக்கலை மாமா. ஒங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா? நான் இங்கேதான் இருக்கேன்.’ அச்சம் உண்மையானது. அதற்குப் பதில் சொன்னால் போதும். குரலைத் தாழ்த்தி, ஒருவர் மட்டும், சிறு சிறு வாக்கியமாகப் பேச வேண்டும். ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், மூச்சுவிட இடமில்லாமல் பொத்திப் பொத்திக் காக்கும் வீட்டிலும் நோய் திரும்புவது அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த செய்தி.

மனநோயாளி என்றால் அடிப்பவர் என்ற அச்சம் பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் அடிபடுவதே அதிகம். அவர்கள் தம் உயிருக்கே ஆபத்தாகிவிடுவதுதான் நாம் அஞ்ச வேண்டியது. குறிப்பாகக் குரல்கள் சாகச் சொல்லும்போதும், நோய் சற்றுத் தெளிந்து தன் நிலை அவருக்கே புரியும்போதும். ஒவ்வொரு விவசாய வீட்டிலும் பூச்சிமருந்து இருக்கிறது. வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைப் பூட்டி, சாவியை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மாத்திரைகளையும் மொத்தமாக அவர் கையில் விடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நிலைமை கைமீறினால் 108. தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் வெளியே திரியும் மனநோயாளியைப் பாதுகாத்து மருத்துவ உதவிக்குக் கொண்டு சேர்க்கும் கடமையை 2017 சட்டம் காவல் நிலையத்துக்கு விதித்திருக்கிறது.

நாள்பட்ட நோயில் அரசின் உதவியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்கிறது. மனநல மருத்துவர் மதிப்பிட்டு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று தந்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு நோயாளிகளின் மறுவாழ்வுக்கு உழைத்துவருகிறது. டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்குப் பேருந்திலேயே தொலைமருத்துவத்தைக் கொண்டுசென்ற அமைப்பும் அதுவே.

நோய் திரும்பும் முன் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முன்னறிகுறி இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள். என் மாமாவுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. ஊசி போடும் தேதியைத் தினசரிக் காலண்டரில் அத்தை வட்டமிட்டு வைக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் காலை ஐந்து மணிக்கு மடை திறப்பது மாமாவின் வேலை. ஒரு நாள் தவறினால் அத்தை ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாம் நாளும் மாமா எழுந்திருக்காவிட்டால், முந்தைய இரண்டு இரவும் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு, காலண்டரில் வட்டமிட்ட தேதிக்குக் காத்திராமல், அன்று காலைப் பேருந்திலேயே ஓ.பி. சீட்டோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.